மொரீஷியஸில் பத்து நாள்: வரைபடத்தை விரிக்கும் முன் கிழமையைப் பாருங்கள்

மொரீஷியஸ் தீவு வடக்கிலிருந்து தெற்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர், கிழக்கிலிருந்து மேற்கே 45 கிலோமீட்டர். இந்த அளவைப் பார்த்துவிட்டுத்தான் முதல் முறை நானும் அம்மாவும் எந்தத் திட்டமும் இல்லாமல் வந்து இறங்கினோம். துணிச் சந்தைக்கென்று வெள்ளிக்கிழமை கட்ர் போர்ன் போனோம். அன்று துணிக்கடைகளே இல்லை. ஞாயிறு பிற்பகல் போர்ட் லூயி போனோம். தலைநகரம் இழுத்து மூடிக் கிடந்தது. மாலை ஏழு மணிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் பேருந்துக்காக நின்றோம். கடைசி வண்டி எப்போதோ போய்விட்டிருந்தது. பத்து நாளில் நான்கு நாள் இப்படியே வீணாயின. இப்போது இங்கேயே வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் தொலைபேசியில் சொல்வதையெல்லாம் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். இந்தியக் கடவுச்சீட்டில் தமிழ்நாட்டிலிருந்து வருபவரை மனத்தில் வைத்து எழுதியது இது.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

இது நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கும் தீவு என்பதால் நமக்கு வெயில் கொளுத்தும் மே, ஜூன் மாதங்களில் இங்கே குளிர்காலம் தொடங்குகிறது. கடற்கரையில் அது சுகமான குளிர்தான். ஆனால் நடுமேட்டில் இருக்கும் கியூர்பிப் நகரில் ஜூலை, ஆகஸ்டில் தூறலும் காற்றும் சேர்ந்து, கம்பளிச் சட்டை இல்லாமல் வந்தவரை நடுங்க வைத்துவிடும். கரும்பு வெட்டு ஜூன் இறுதியிலோ ஜூலையிலோ தொடங்கி டிசம்பர் வரை நடக்கும். புயல் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. அதிலும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களில்தான் ஆபத்து அதிகம். புயல் எச்சரிக்கை ஒன்று முதல் நான்கு வரை வகுப்பாக அறிவிக்கப்படுகிறது. மூன்றாம் வகுப்பு அறிவிக்கப்பட்டால் பேருந்தும் இல்லை, கடையும் இல்லை. தங்கும் அறையை விட்டு வெளியே வரக் கூடாது. அந்த நாள்களில் இரண்டு நாளுக்கான பிஸ்கட்டும் தண்ணீரும் கையில் வைத்திருப்பது நல்லது.

தோட்டங்களையும் சந்தைகளையும் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் செப்டம்பர், அக்டோபர் மாதங்களையே நான் சொல்வேன். மழை குறைவு, வெட்டு நடந்துகொண்டிருக்கும், குளிரும் விட்டிருக்கும். தைப்பூசம் இங்கே அரசு விடுமுறை. காவடி பார்க்க வருகிறீர்கள் என்றால் அந்த நாள் பொன்னான நாள், ஊர் சுற்ற வருகிறீர்கள் என்றால் அன்று எங்கும் போக நினைக்காதீர்கள். மகா சிவராத்திரியை ஒட்டிய நாள்களில் தீவின் நாலா திசையிலிருந்தும் மக்கள் இங்குள்ள இந்துக்களின் புனித ஏரியான கிரான் பாசேனுக்கு நடந்தே போவார்கள். தெற்கு மேட்டுச் சாலைகளில் வாகனம் நகராது.

2. ஆவணங்களைக் காகிதத்தில் எடுத்து வாருங்கள்

இந்தியர்களுக்குச் சுற்றுலா விசா இங்கே வந்திறங்கியதும் கட்டணம் இல்லாமல் தரப்படுகிறது. கட்டணம் இல்லை என்பதைக் கேள்வி இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். குடிநுழைவு மேசையில் கேட்கக்கூடியவை இவை: நீங்கள் தங்கும் காலம் முழுவதும் செல்லத்தக்க கடவுச்சீட்டு, திரும்பிப் போகும் பயணச்சீட்டு, தங்குமிடத்துக்கான முன்பதிவு, நாளொன்றுக்கு 100 அமெரிக்க டாலர் என்ற கணக்கில் செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் வழியாக வருபவர்கள் தடுப்பூசிச் சான்றிதழும் வைத்திருக்க வேண்டும்.

நான் சிக்கிக்கொண்டது மூன்றாவதில். தெரிந்தவர் வீட்டில் தங்கப் போகிறோம் என்று சொன்னேன். அவருடைய தொலைபேசி எண்ணைத் தவிர என்னிடம் வேறு எதுவும் இல்லை. அவர் அப்போது போனை எடுக்கவும் இல்லை. அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு ஒரு மணி நேரம் காத்து நின்றேன். தவறு முழுவதும் என்னுடையதுதான். வீட்டில் தங்குபவர்கள், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட அழைப்புக் கடிதம், அவருடைய அடையாள அட்டையின் நகல், முகவரி உள்ள மின்கட்டண ரசீது ஆகிய மூன்றையும் அச்சிட்டு எடுத்து வாருங்கள். விமான நிலையத்தில் உங்கள் போனுக்கு இணையம் கிடைக்கும் என்று நம்பி எல்லாவற்றையும் மின்னஞ்சலில் வைத்திருக்காதீர்கள்.

புறப்படும் முன் இணையத்தில் நிரப்ப வேண்டிய அரசுப் பயணப் படிவம் ஒன்று உண்டு. அது இலவசம். அதே போன்ற தோற்றத்தில் பணம் கேட்கும் தளங்கள் தேடலில் மேலே வந்து நிற்கும்; அரசுத் தளம்தானா என்று பார்த்து நிரப்புங்கள். நிரப்பியதும் கிடைக்கும் குறியீட்டையும் அச்சிட்டுக்கொள்ளுங்கள்.

சுற்றுலா விசாவில் வந்து வேலை பார்க்க முடியாது. ‘வந்துவிட்டால் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம்’ என்று சொல்லும் முகவர்களிடம் பணம் கொடுத்து ஏமாந்தவர்களை இங்கே பார்த்திருக்கிறேன்.

3. பெட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டியவை

நம் வீடுகளில் வெளிநாடு போகிறவர் பெட்டியில் கறிவேப்பிலைக் கட்டும் வெற்றிலையும் மாம்பழமும் இல்லாமல் இருக்காது. செடி, விதை, பழம், காய்கறி எதற்கும் இங்கே முன்கூட்டியே அனுமதி வேண்டும். இல்லாமல் கொண்டுவந்தால் எடுத்து அழித்துவிடுவார்கள். கறிவேப்பிலைக்குக் கவலைப்படவும் வேண்டாம்; ஏன் என்பது சந்தைப் பகுதியில் வரும்.

மருந்துகளில் கவனம் தேவை. தூக்க மாத்திரை, வலுவான வலி நிவாரணி, கோடீன் கலந்த இருமல் மருந்து ஆகியவை நம்மூரில் எளிதாகக் கிடைத்தாலும் இங்கே கட்டுப்பாட்டில் உள்ளவை. மருத்துவர் சீட்டு இல்லாமல் எந்த மாத்திரையையும் பெட்டியில் வைக்காதீர்கள். மற்றவர் கொடுத்தனுப்பும் மாத்திரையை எந்தச் சூழ்நிலையிலும் வாங்கி வராதீர்கள். கையால் சுருட்டும் சிகரெட்டுக்கான தாள்கூடத் தடை செய்யப்பட்ட பொருள்.

வைக்க வேண்டியவை இரண்டு. சதுரமான மூன்று முனை பிரிட்டிஷ் செருகிக்கு மாற்றி ஒன்று. நல்ல துணிப்பைகள் இரண்டு. பிளாஸ்டிக் கைப்பைகள் 2016 ஜனவரி 1 முதல் தடை.

4. பணக் கணக்கு

இங்கும் பணத்தின் பெயர் ரூபாய்தான், பொறியும் அதுதான். சட்டை 600 ரூபாய் என்றதும் ‘பரவாயில்லையே’ என்று கை பைக்குள் போய்விடும். மொரீஷியஸ் ரூபாய் ஒன்று ஏறத்தாழ இரண்டு இந்திய ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. விலை கேட்டதும் மனத்துக்குள் இரண்டால் பெருக்கிவிடுங்கள். செலவு எளிதில் எதிர்பார்த்ததை மீறாது. தாள்களில் மதிப்பு தமிழிலும் எழுதியிருக்கும். 1998-இல் அந்த வரிசையில் தமிழைப் பின்னுக்குத் தள்ளி அச்சிட்டபோது எழுந்த எதிர்ப்பில் புதிய தாள்களையே திரும்பப் பெற்றார்கள். நூறு ரூபாய்த் தாளில் இருக்கும் முகம் ரெங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழ்த் தலைவருடையது. முதல் தாளைக் கையில் வாங்கியதும் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தது நினைவிருக்கிறது.

யுபிஐயும் ரூபே அட்டையும் 2024 பிப்ரவரியில் இங்கே அறிமுகமாயின. ஆனால் எல்லாக் கடையிலும் இருக்கும் என்று நம்பி வராதீர்கள். பேருந்து, சந்தை, தெருவோர உணவு மூன்றுக்கும் ரொக்கமே. இரண்டாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் நடத்துநர் முகம் சுளிப்பார். விமான நிலையத்திலேயே சிறிய தாள்களாகக் கேட்டு வாங்குங்கள். 2025 அக்டோபர் 1 முதல் வெளிநாட்டுப் பயணிக்கு ஓர் இரவுக்கு 3 யூரோ என்ற சுற்றுலாக் கட்டணம் தங்குமிடத்தில் வசூலிக்கப்படுகிறது. 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இல்லை. அறை வாடகையை ஒப்பிடும்போது இதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். போனுக்கான சிம் அட்டையைக் கடவுச்சீட்டைக் காட்டி விமான நிலையத்திலேயே வாங்கிவிடலாம்.

5. எந்த ஊரில் தங்குவது

கடற்கரைதான் வேண்டும் என்றால் வடக்கே கிரான் பே. சந்தையும் தோட்டமும் கோவிலும் பார்க்க வேண்டும் என்றால் நடுவே கட்ர் போர்ன் அல்லது ரோஸ் ஹில். இந்த இரண்டு ஊர்களையும் மெட்ரோ தொடுகிறது, நாலா பக்கமும் பேருந்து கிடைக்கிறது, அறை வாடகையும் கடற்கரையைவிடக் குறைவு. பத்து நாளையும் ஒரே இடத்தில் கழிக்காமல், கடைசி ஓர் இரவைத் தென்கிழக்கில் மாஹேபூரில் வையுங்கள். விமான நிலையம் அங்கிருந்து மிக அருகில்.

6. பேருந்து, மெட்ரோ, வாடகைக் கார்

மெட்ரோ, போர்ட் லூயியிலிருந்து ரோஸ் ஹில், கட்ர் போர்ன் வழியாகக் கியூர்பிப் வரை போகிறது. விமான நிலையத்துக்கோ வடக்குக் கடற்கரைக்கோ அது போகாது. மற்ற எல்லா இடத்துக்கும் பேருந்துதான். போர்ட் லூயியில் இரண்டு பேருந்து நிலையங்கள். வடக்கே போகும் வண்டிகள் இமிக்ரேஷன் சதுக்கத்திலிருந்தும், தெற்கேயும் மேட்டு நகரங்களுக்கும் போகும் வண்டிகள் விக்டோரியா நிலையத்திலிருந்தும் புறப்படும். ஒன்றில் நின்றுகொண்டு மற்றதன் வண்டிக்குக் காத்திருப்பது புதிதாக வருகிறவர் எல்லாரும் செய்யும் தவறு. இரண்டுக்கும் இடையே நடந்து போகும் தூரம்தான், ஆனால் பெட்டியோடு நடக்கும் தூரம் இல்லை.

நடத்துநர் இருக்கைக்கே வந்து சீட்டுத் தருவார். இறங்கும் வரை அதைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள். பரிசோதகர் ஏறுவது வழக்கம். கிராமப்புற வழித்தடங்களில் மாலை ஆறு, ஆறரைக்கு மேல் வண்டியை எதிர்பார்க்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. எந்த ஊரில் இறங்கினாலும் முதல் வேலையாக, திரும்பும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலையில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். டாக்சியில் மீட்டர் ஓடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஏறுவதற்கு முன்பே, போக மட்டுமா போய்வரவுமா, காத்திருப்பும் சேர்த்தா என்று மூன்றையும் பேசி முடித்துவிடுங்கள்.

தெற்குத் தோட்டங்களுக்கு மட்டும் இரண்டு நாள் கார் எடுப்பது நல்லது. நம்மூர் போலவே இடப்பக்கம் ஓட்ட வேண்டும். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியைக் கிளம்பும் முன்பே உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 4ஏ படிவம் கொடுத்து, 1,000 ரூபாய் கட்டி வாங்கிவிடுங்கள், ஓராண்டு செல்லும். அசல் உரிமத்தையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். அடுத்த சிக்கல் பிணைத்தொகை. நான் எடுத்த இடத்தில் டெபிட் அட்டையை ஏற்க மறுத்துவிட்டார்கள். கடன் அட்டையில் ஒரு பெரிய தொகையை முடக்கி, காரைத் திருப்பித் தந்து பல நாள் கழித்துத்தான் விடுவித்தார்கள். எவ்வளவு முடக்குவார்கள், எப்போது விடுவிப்பார்கள், கண்ணாடியும் சக்கரமும் காப்பீட்டில் அடங்குமா என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். காரை வாங்கும்போது சுற்றிவந்து நான்கு பக்கமும் காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். கரும்பு உயர்ந்து நிற்கும் மாதங்களில் திருப்பத்தில் எதிரே வருவது தெரியாது. வெட்டுக் காலத்தில் கரும்பு ஏற்றிய லாரிகளும் சேர்ந்துகொள்ளும். வேகக் கண்காணிப்புக் கருவிகள் ஏராளம்.

7. சந்தைகள்: கிழமைதான் முகவரி

முதலில் மூடும் நேரங்களை மனத்தில் வையுங்கள். போர்ட் லூயியில் சனிக்கிழமை பிற்பகலோடு கடைகள் ஓய்ந்துவிடும். மையச் சந்தை ஞாயிற்றுக்கிழமைகளில் காலையோடு முடிந்துவிடும். கியூர்பிப், ரோஸ் ஹில், கட்ர் போர்ன் ஆகிய மேட்டு நகரங்களின் கடைகள் வியாழன் பிற்பகல் மூடிவிடும்.

கட்ர் போர்ன் சந்தை வியாழனும் ஞாயிறும் துணிக்கு, புதனும் சனியும் காய்கறிக்கு. ஒரே இடம், வேறு வேறு சந்தை. கிழக்கே ஃபிளாக் சந்தை புதனும் ஞாயிறும். தீவிலேயே பெரிய திறந்தவெளிச் சந்தை அது. மாஹேபூரில் திங்கள்கிழமை. எங்கும் காலை எட்டு மணிக்குள் போய்விடுவது உத்தமம். பதினொரு மணிக்குப் பிறகு கீரை வாடியிருக்கும், பேரம் பேச வியாபாரிக்குப் பொறுமையும் இருக்காது. பேரம் துணிக்கும் நினைவுப் பொருளுக்கும்தான். காய்கறியில் பேரம் பேசினால் முறைப்பார்கள். அட்டையில் எழுதியிருக்கும் காய்கறி விலை பெரும்பாலும் அரைக் கிலோவுக்கு என்பதையும் கவனியுங்கள்.

காய்கறிப் பகுதியில் காதைத் திறந்து வைத்துக்கொண்டு நடந்தால் உங்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. பிரெஞ்சிலிருந்து கிளைத்து இங்கே எல்லாரும் பேசும் கிரியோல் மொழியில் கறிவேப்பிலைக்குப் பெயர் ‘காரிப்புலே’. கொத்தமல்லி ‘கொத்தோமிலி’. பீர்க்கங்காய் ‘பிப்பங்காய்’. முருங்கை ‘முரூம்’, முருங்கைக்கீரை ‘ப்ரேட் முரூம்’. அம்மா ஒரு கடையில் முருங்கைக்கீரையைத் தொட்டு ‘முருங்கை’ என்றார்கள். கடைக்காரப் பாட்டி ‘முரூம், முரூம்’ என்று திருத்தினார்கள். இரண்டு பேரும் ஆளுக்கொரு முறை சொல்லிப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒரு கட்டுக்குப் பதில் இரண்டு கட்டு வாங்கிக்கொண்டு வந்தோம். சமைக்க அடுப்பில்லாத அறையில் தங்கியிருந்தோம் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

போர்ட் லூயி மையச் சந்தையில் மூன்று இடங்களைத் தவற விடாதீர்கள். மூலிகை விற்கும் மேசைகள். பாலும் சப்ஜா விதையும் கடற்பாசிக் கூழும் கலந்த அலூதா விற்கும் கடைகள். சுழல் சுழலாகச் செதுக்கி, புளியும் மிளகாயும் உப்பும் தடவித் தரும் குட்டி அன்னாசி. மேல்தளத்தில் நினைவுப் பொருள் விற்பவர்கள் தோளைத் தொட்டு அழைப்பார்கள். அங்கே முதலில் சொல்லும் விலையில் பாதியிலிருந்து பேசத் தொடங்கலாம்.

அருகே துறைமுகக் கரையில் ப்ளூ பென்னி அருங்காட்சியகம் இருக்கிறது. 1847-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற இரண்டு அஞ்சல்தலைகள் கெட்டுவிடாமல் இருக்க, ஒவ்வொரு மணியிலும் அரை மணியை ஒட்டிச் சில நிமிடம் மட்டுமே அசலுக்கு விளக்குப் போடுகிறார்கள். மற்ற நேரம் நகல்தான். நேரம் பார்த்து நுழையுங்கள். ஞாயிறு விடுமுறை. நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலிலிருந்து இறங்கிய ஆப்ரவாசி காட் அங்கிருந்து நடக்கும் தூரத்தில், அனுமதி இலவசம்.

8. தோட்டங்கள்: முற்பகலில் போங்கள்

கரும்பைப் பற்றி அறிய வடக்கே போ பிளானில் உள்ள சர்க்கரை அருங்காட்சியகம் போதும். மூடப்பட்ட ஆலைக்குள்ளேயே அமைத்திருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் அதிகம் என்று தோன்றும். ஆனால் மூன்று மணி நேரம் நின்று பார்க்க அங்கே விஷயம் இருக்கிறது, கடைசியில் பல வகைச் சர்க்கரையைச் சுவைத்துப் பார்க்கவும் தருகிறார்கள். பாம்ப்ளமூஸ் தாவரவியல் பூங்கா பக்கத்திலேயே இருப்பதால் இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம். பூங்காவில் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம். வாசலில் வழிகாட்டி ஒருவரைப் பேசி அமர்த்திக்கொள்ளுங்கள். மரங்களில் பெயர்ப்பலகை குறைவு என்பதால், அவர் இல்லாமல் போனால் தாம்பாளம் போன்ற அல்லி இலைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள்.

சாலையோரக் கரும்புக் கொல்லைகள் தனியார் நிலம். படம் எடுக்க உள்ளே இறங்காதீர்கள்.

தேயிலைக்குத் தெற்கே புவா ஷேரி. ஆலையில் இலை காய்வதும் நொறுங்குவதும் பொட்டலமாவதும் பார்க்க வேண்டும் என்றால் வார நாளில், முற்பகலில் போக வேண்டும். பிற்பகலில் போனால் ஓய்ந்த இயந்திரங்களுக்கு நடுவே நடந்துவிட்டு வர வேண்டியதுதான். மழைக்கு ஒதுங்க ஒரு குடை அவசியம். சுற்றி முடித்ததும் ஏரியைப் பார்த்த குன்றின்மேல் தேநீர் தருகிறார்கள். வனிலா மணக்கும் தேநீர்தான் இந்த ஊருக்கே அடையாளம். பாலும் சர்க்கரையும் ஊற்றிக் கொதிக்க வைத்துப் பழகிய நாக்குக்கு அது முதலில் வெந்நீர் போலத் தோன்றும். இரண்டாவது கோப்பையில் பிடித்துவிடும்.

அங்கிருந்து கடலை நோக்கி இறங்கினால் சென் ஓபன் பழைய தோட்ட மாளிகை. வனிலாக் கொடியும் அந்தூரியப் பூவும் அங்கே பார்க்கலாம். கியூர்பிப்பில் தொடங்கி இந்த இரண்டையும் இணைத்து மதிய உணவோடு சேர்த்த ஒரே சீட்டு உண்டு. தனித்தனியாக வாங்குவதைவிடக் கணக்கு ஒத்துவரும். மதிய உணவு சைவமாக வேண்டும் என்பதை முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள். ஷமரேலின் ஏழு நிற மண்ணுக்குப் பெருங்கூட்டம் போகிறது. போக வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் நான் தேயிலை மேட்டுக்கே போவேன்.

9. பேச்சும் சாப்பாடும் கோவிலும்

முகத்தைப் பார்த்தால் நம்மூர் முகம், பெயர்ப்பலகையில் முருகன் பெயர். தமிழில் பேசினால் பதில் கிரியோலில் வரும். இங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல். தமிழ் கோவிலிலும் பள்ளிப் பாடத்திலும்தான். ‘தமிழ் தெரியாதா?’ என்று கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வி அவர்களை நோகச் செய்யும். ‘வணக்கம்’ என்று தொடங்கினால் போதும், முகம் மலர்ந்துவிடும். விலை கேட்க ‘கொம்யே?’ என்பதும் நன்றிக்கு ‘மெர்சி’ என்பதும் பத்து நாளைக்குப் போதுமான கையிருப்பு.

சைவர்கள் ‘சான் லாவியான்’ என்று சொன்னால் இறைச்சி வேண்டாம் என்று பொருள். மீனையும் முட்டையையும் தனியாகச் சொல்ல வேண்டும். அதைவிடச் சுலபம், ‘கரேம்’ என்று சொல்லிவிடுவது. விரதம் என்று புரிந்துகொண்டு பாத்திரத்தைக்கூட மாற்றிப் பரிமாறும் கடைக்காரர்கள் உண்டு. பருப்பு வைத்த மெல்லிய ரொட்டியான டோல்பூரி ஜோடியாகத்தான் விற்கும். மிளகாய்ச் சட்னி வேண்டுமா என்று கேட்டால், எவ்வளவு காரம் தின்பவராக இருந்தாலும் முதல் நாள் கொஞ்சமாகப் போடச் சொல்லுங்கள்.

கோவில்களில் போர்ட் லூயியின் கைலாசம் கோவிலும், கட்ர் போர்ன் அருகே கோர் த கார்ட் மலையடிவார முருகன் கோவிலும் கட்டாயம். மலைக் கோவிலுக்குப் படி ஏற வேண்டும். வெயில் ஏறும் முன் போய்விடுங்கள். திருவிழா நாளில் வாழை இலையில் ஏழு கறியோடு சாப்பாடு போடுவார்கள், அதில் வரும் ‘ரசோன்’ நம் ரசம்தான்.

10. கிளம்பும் நாள்

பக்கத்துத் தீவு ரீயூனியனுக்கும் ஓர் எட்டு போய் வரலாம் என்று இங்கே வந்தபின் ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அது பிரான்சின் பகுதி. மொரீஷியஸ் விசா அங்கே செல்லாது, ஷெங்கன் விசா மட்டும் கையில் இருந்தாலும் பொதுவாகப் போதாது. ரீயூனியனுக்குச் செல்லும் என்று குறிப்பிட்ட விசா வேண்டுமா என்பதை இந்தியாவிலேயே கேட்டு, வேண்டுமென்றால் அங்கிருந்தே வாங்கி வந்துவிடுங்கள்.

திரும்பும் விமானத்தைத் திங்கள்கிழமை பிற்பகலிலோ இரவிலோ போட்டுக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலையே மாஹேபூர் வந்து தங்கிவிட்டால், காலையில் அந்த ஊரின் திங்கள் சந்தை கிடைக்கும். தேயிலையும் வனிலாக் காய்களும் அங்கே வாங்கலாம். கையில் மிஞ்சிய சில்லறை அத்தனையும் அங்கேயே செலவழித்துவிடலாம். நம்மூர் வங்கிகளில் மொரீஷியஸ் நாணயத்தை வாங்கமாட்டார்கள். ஒரே ஒரு நூறு ரூபாய்த் தாளை மட்டும் அம்மா செலவழிக்க விடவில்லை; அது எங்கள் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.